இளம் நாயும் வீட்டு முயலும்: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

நான்கு மாதம் முதல் ஒன்றரை வயது வரையுள்ள நாய், கூண்டிலும் ஹாலிலுமாக வளரும் இரண்டு முயல்கள். கீழே உள்ளவை இந்த நிலைமைக்கானவை. நாயின் வயிற்றில் முயல் சாய்ந்து தூங்குகிற வாட்ஸ்அப் வீடியோக்களைக் கொஞ்சம் ஓரம் வையுங்கள். நமக்கு வேண்டியது நாய்க்கு முயல் அலுத்துப்போவது. மூலையில் நிற்கும் கிரைண்டரைப் பார்ப்பதுபோல் முயலையும் பார்த்துவிட்டு நாய் தன் வேலையைப் பார்க்கப் போனால் போதும்.

நாயின் இனத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயலை விரட்டிப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. பீகிள் மோப்பம் பிடித்து முயல் துரத்த உருவானது. டாஷ்ஹண்ட் வளைக்குள் புகுந்து பிடிக்க உருவானது. இவற்றுக்கும் வழிமுறை இதுதான், ஆனால் மாதங்கள் கூடும், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். லேப்ரடார் சாது என்று நம்பி விட்டுவிடுவதும் தப்பு. சுட்டு விழுந்த பறவையைக் கவ்விக் கொண்டுவர வளர்த்த நாய் அது. மெதுவாகத்தான் கவ்வும், ஆனால் அந்த மெதுவே முயலுக்குத் தாங்காது.

இப்போதுதான் கவ்விவிட்டது

கடைசியில் வர வேண்டிய விஷயம், ஆனால் அவசரத்தில் புரட்டுபவர்கள் இதைத்தான் தேடுவார்கள்.

முயல் நாயின் வாயில் இருந்தால் முயலைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க நாய் இறுக்கும், தோல் கிழியும். பின்னாலேயே ஓடினால் தூக்கிக்கொண்டு ஓடும். காலரைப் பிடித்து நாயை அசையாமல் நிறுத்தி, வேகவைத்த கோழியோ கையில் கிடைத்த மணமான வேறு தீனியோ மூக்கருகே நீட்டுங்கள். வாய் திறந்ததும் இன்னொருவர் முயலைத் துண்டில் சுற்றி எடுக்கட்டும். ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை பிட்டத்துக்கு அடியில். பின்கால் தொங்கினால் முயல் உதைக்கும், அந்த உதையிலேயே அதன் முதுகெலும்பு முறியக்கூடும். பின்கால்களை இழுத்துக்கொண்டு நகர்ந்தால் கையில் தூக்காமல், தட்டையான அட்டைப்பெட்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள்.

ரத்தமே தெரியாவிட்டாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாயின் கோரைப்பல் ஓட்டை அடர்ந்த முடிக்குள் மிளகு அளவில்தான் இருக்கும், உள்ளே சதை நசுங்கியிருக்கும். சில நாளில் அது சீழ்க்கட்டியாகும், முயலின் சீழ் தயிர்க்கட்டிபோல் கெட்டியாக இருப்பதால் தானாக வடியாது. போகும்வரை, கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு சிறு கரண்டி உப்பு கரைத்துக் காயத்தைக் கழுவலாம். மஞ்சள்தூளோ பவுடரோ அப்ப வேண்டாம், மருத்துவருக்குக் காயம் தெரியாமல் போகும். ஈ உட்கார்ந்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும் என்பதால் கூண்டின்மேல் கொசுவலை போடுங்கள்.

நாய்க்கு வாங்கிவைத்த ஆன்டிபயாட்டிக் மருந்தை முயலுக்குக் கொடுக்கக் கூடாது. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகைகளை வாய்வழி கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து உயிரே போகலாம். பிரிக்கும்போது உங்கள் கையில் பல் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ரேபிஸ் தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ போங்கள். நம் வீட்டு நாய்தானே என்று விட்டுவிட வேண்டாம்.

எந்தப் பயிற்சியும் பலிக்கவில்லை

நாயைக் குறை சொல்லுமுன் கூண்டைப் பாருங்கள். நம்மூரில் விற்கும் முயல் கூண்டுகள் பெரும்பாலும் கால் வைத்து உயர்த்தியவை, தரையும் கம்பி வலைதான். புழுக்கை கீழே விழ வசதி. நாய்க்கும் அதே வசதி: அடியில் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் முயலின் பாதம் வலைக்கு வெளியே அரை அங்குலம் துருத்திக்கொண்டிருக்கும். நக்கும், பிறகு முன்பல்லால் பிடித்துப் பார்க்கும். முயலுக்குத் தன் தரையே எதிரியாகிவிடுகிறது. அடிப்பக்கம் நாய் நுழையாதபடி நான்கு புறமும் பலகை அடித்து அடையுங்கள். புழுக்கைத் தட்டை இழுக்க ஒரு புறம் மட்டும் கீல் வைத்தால் போதும். கூண்டுக்குள் தரையில் பாதிக்குப் பலகையோ கோரைப்பாயோ போட்டால் முயலின் பாதப்புண்ணும் குறையும்.

அறுகோணக் கண் வைத்த கோழிவலை நாய்க்கு ஒரு தடையே இல்லை, நான்கைந்து பிறாண்டலில் பிரிந்துவிடும். வெல்டு மெஷ் வாங்குங்கள், கட்டம் ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கூண்டிலிருந்து ஓர் அடி தள்ளி இன்னொரு தடுப்பு அவசியம். பழைய கிரில் கேட்டோ மடக்கு வேலியோ எதுவானாலும் சரி, நாயின் மூக்கு கூண்டைத் தொடக் கூடாது. நடுத்தர நாய்க்கு நான்கு அடி உயரம். கதவில் சாதாரணக் கொக்கி மட்டும் இருந்தால் நாய் மூக்கால் தூக்கித் திறக்கும். கொக்கிக்கு மேல் ஸ்பிரிங் கிளிப் ஒன்று மாட்டுங்கள்.

தரையையும் மறக்காதீர்கள். வழவழ டைல்ஸில் முயல் காலூன்ற முடியாமல் சறுக்கி ஓடும், அந்தத் தடுமாற்றமே நாயைச் சுண்டி இழுக்கும். முயல் திரியும் இடத்தில் கோணிச்சாக்கு விரித்து ஓரங்களைச் சுவரோடு ஒட்டிவிடுங்கள்.

நாய் முயலைப் பார்த்ததும் சிலைபோல் நிற்கிறது

"எங்க நாய் குரைக்கவே இல்ல, அமைதியா பாத்துக்கிட்டே இருக்கு" என்று சந்தோஷப்படுபவர்கள் அதிகம். குரைக்கிற நாயைவிட இந்த நாய்தான் ஆபத்தானது. வேட்டை ஒரே பாய்ச்சலில் தொடங்குவதில்லை. முதலில் திரும்பிப் பார்த்தல், பிறகு கண்ணை நிலைகுத்துதல், பதுங்குதல், துரத்துதல், கவ்வுதல், உதறுதல். நீங்கள் அமைதி என்று நினைப்பது இரண்டாம் படி.

வேடிக்கைக்கும் வேட்டைக்கும் உள்ள வித்தியாசம் உடம்பில் தெரியும். வேடிக்கை பார்க்கும் நாயின் வாய் லேசாகத் திறந்திருக்கும், வால் தளர்ந்து ஆடும், இடையிடையே தரையை மோந்துவிட்டு வேறு பக்கம் திரும்பும். வேட்டைக் கண்ணில் வாய் இறுக மூடிவிடும், காது முன்னால் குவியும், எடை முழுவதும் முன்கால்களில் ஏறும், சில நாய்கள் ஒரு முன்காலைத் தூக்கியபடி நிற்கும். பல் கடகடவென்று ஆடினாலோ எச்சில் ஒழுகினாலோ விஷயம் முற்றிவிட்டது. ஒரு சோதனை: சாதாரணக் குரலில் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். இரண்டு நொடிக்குள் ஒரு காதாவது உங்கள் பக்கம் திரும்பவில்லையென்றால் நாய் முயலுக்கு மிகவும் நெருக்கமாக இருக்கிறது.

சரிசெய்யும் மருந்து தூரம். காலரில் கட்டாமல், மார்போடு சுற்றும் ஹார்னஸில் ஐந்தடி லீஷ். முயல் கூண்டுக்குள், பக்கத்தில் ஒளிய ஒரு பெட்டியோடு. பட்டாணி அளவில் நறுக்கிய, உப்பு வெங்காயம் எதுவும் சேராமல் வேகவைத்த கோழி 20 துண்டு. அன்றைய சாப்பாட்டில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

1. கூப்பிட்டால் நாய் திரும்பும் தூரத்தைக் கண்டுபிடியுங்கள். பல வீடுகளில் அது ஹாலின் மறுகோடி, சில நாய்களுக்கு அடுத்த அறையின் வாசல்.
2. நாய் முயலைப் பார்த்த உடனே, கண் நிலைகுத்துவதற்குள், "சரி" என்று ஒரே தொனியில் சொல்லுங்கள். சொன்ன பிறகுதான் கை தீனிப்பைக்குப் போக வேண்டும்.
3. துண்டை உங்கள் முழங்காலுக்குப் பின்னால் கொடுங்கள். வாங்குவதற்கு நாய் முயலுக்கு முதுகு காட்டித் திரும்பியாக வேண்டும். முயல் பக்கமாகக் கை நீட்டிக் கொடுத்தால் பாதிப் பலன் வீண்.
4. மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். நாளுக்கு இரண்டு முறை.
5. பத்து முறையில் எட்டு முறை முயலைப் பார்த்துவிட்டுத் தானாகவே உங்களைத் திரும்பிப் பார்த்தால், மறுநாள் ஓர் அடி முன்னால் போகலாம். அடுத்தடுத்து இரண்டு முறை தவறினால் இரண்டடி பின்னால்.

எட்டாம் நாள் நிலைமை, முதல் நாளைவிட மோசமாக இருப்பதும் உண்டு. தூரத்தை அவசரமாகக் குறைத்திருப்பீர்கள், அல்லது நாய் அன்று வாக்கிங் போயிருக்காது.

குரைக்கிறது, கூண்டைப் பிறாண்டுகிறது

சத்தம் அதிகம், சரிசெய்வது ஒப்பீட்டில் எளிது. இந்த நாய் பெரும்பாலும் விளையாட்டுக்குக் கூப்பிடுகிறது, இல்லையென்றால் தடுப்பின் எரிச்சலைக் காட்டுகிறது. அரை மணி நேரம் மோப்பம் பிடிக்க விட்டு வாக்கிங் முடித்த பிறகு பயிற்சி வையுங்கள். பந்து எறிந்து ஓடவிட்ட கையோடு முயலிடம் கூட்டிவந்தால் ஓட்டத்தின் சூடு அப்படியே இருக்கும், அந்தத் தவறைச் செய்ய வேண்டாம்.

குரைத்ததும் அதட்டாதீர்கள். முயல் கண்ணில் பட்டால் திட்டு விழுகிறது என்றுதான் நாய் புரிந்துகொள்ளும், முயல்மேல் கடுப்பு ஏறும். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் அது வெளிப்படும். பேசாமல் லீஷைப் பிடித்து அடுத்த அறைக்கு நடத்திப்போய், மூச்சு அடங்கியதும் கூடுதல் தூரத்திலிருந்து தொடங்குங்கள்.

கீச்சிடும் ரப்பர் பொம்மைகளையும் இந்த மாதங்களில் எடுத்துவைத்துவிடுவது நல்லது. பயந்த முயல் போடும் சத்தமும் கிட்டத்தட்ட அதுதான். கடித்தால் கீச்சிடும், கீச்சிட்டால் இன்னும் கடி என்று நாமே பாடம் எடுத்த மாதிரி ஆகிவிடும்.

முயல் உட்கார்ந்திருந்தால் பேசாமல் இருக்கிறது, ஓடினால் பாய்கிறது

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அசையாத முயலோடு பழகியது அசையும் முயலுக்குச் செல்லாது, நாய்க்கு இரண்டும் வேறு வேறு பிராணி. அசைவை முயலை வைத்துப் பழக்க வேண்டாம், துணியை வைத்துப் பழக்கலாம். பழைய டர்க்கி டவலை முடிச்சுப் போட்டு மூன்று மீட்டர் கயிற்றில் கட்டுங்கள். நாயை அதன் பாயில் உட்காரவைத்து லீஷை நீங்கள் பிடித்துக்கொள்ள, வீட்டில் இன்னொருவர் கயிற்றை இழுக்கட்டும். முதல் இரண்டு நாள் துணி கிடந்தால் போதும். பிறகு தரையோடு மெதுவாக நகர வேண்டும். அடுத்து, சட்டென்று இரண்டடி தாவி நிற்க வேண்டும். முயலின் ஓட்டம் அப்படித்தான், நேர்கோடாக இருக்காது. ஒவ்வொரு அசைவிலும் "விடு" என்று ஒரே ஒரு முறை சொல்லி, நாயின் பிட்டம் பாயை விட்டு எழாமல் இருந்தால் தீனி. எழுந்தால் தீனி இல்லை, அவ்வளவுதான். துணியை நாய் ஒரு முறைகூடப் பிடித்துவிடக் கூடாது. துரத்திப் பிடிப்பதே அதற்குப் பெரிய பரிசு, நம் கோழித்துண்டு அதன் முன் நிற்காது.

துணி தாவும்போதும் நாய் பாயிலேயே இருந்தால், இரட்டைத் தடுப்புக்குள் முயலை உலவவிட்டு முதல் நாள் தூரத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். அகத்திக்கீரையோ முயல் மசால் என்ற தீவனப்பயிரோ ஒரு கட்டு வைத்தால் முயல் நின்று தின்னும், நடுநடுவே நாலடி தாவும். பயிற்சிக்கு அந்த அளவு அசைவு கச்சிதம்.

சிப்பிப்பாறை, கன்னி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஓட்டம் அந்த நாய்களின் ரத்தத்தில் உள்ளது, அடக்கி மட்டும் வைத்தால் வேறு வழியில் வெடிக்கும். வேலியிட்ட மைதானத்தில் தினமும் ஓடவிடுங்கள். அப்படியும் தடுப்பில்லாமல் இரண்டையும் ஒரே அறையில் விடும் திட்டத்தைக் கைவிடச் சொல்வதுதான் நேர்மையான ஆலோசனை. முயலுக்கு ஓர் அறை, நாய்க்கு ஓர் அறை, நடுவே கிரில் கேட். பத்து வருடம் அப்படியே ஓட்டலாம், இரண்டுக்கும் குறையில்லை.

நாய் ஒழுங்காக இருக்கிறது, முயல் சரியில்லை

நாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் தவறிப்போகும் பக்கம் இது. முயல் பெரும்பாலும் பயத்தைச் சத்தம் போட்டுச் சொல்லாது. மூக்குத் துடிப்பு நின்று, காது முதுகோடு ஒட்டி, கண்ணில் வெள்ளை தெரிய உட்கார்ந்திருந்தால் பயிற்சியை அந்த நொடியே நிறுத்துங்கள். பின்காலால் தரையில் தட்டுவது எச்சரிக்கை. நாய் அறையில் இருக்கும்போதே புல் மென்றால், முகம் கழுவினால், பக்கவாட்டில் சரிந்து படுத்தால் முயலுக்குச் சம்மதம்.

நம் கண்ணுக்குத் தெரியாத பயம் வயிற்றில் தெரியும். நல்ல முயல் நாளுக்கு 200 புழுக்கைக்கு மேல் போடும். எண்ண வேண்டியதில்லை, காலையில் தட்டைப் பார்த்தால் பழகிய கண்ணுக்குத் தெரியும். புழுக்கை சிறுத்து, எண்ணிக்கை குறைந்து, முடியில் கோத்த மணிபோல் தொங்கினால் அன்று நாய்ப் பயிற்சி கிடையாது. 12 மணி நேரம் எதுவும் தின்னவில்லை, புழுக்கையும் இல்லை, கூனி உட்கார்ந்து பல்லை நறநறக்கிறது என்றால் குடல் நின்றுவிட்டது. விடியும்வரை காத்திருக்கக் கூடாத அவசரம் அது.

கூண்டின் மூன்று பக்கம் மறைந்திருந்தால் முயலுக்குத் தைரியம் வரும். பின்பக்கம் சுவர், இரு பக்கமும் பலகை. கோடையில் சாக்கு போட்டு மூடினால் உள்ளே வெந்துவிடும், 30 டிகிரிக்கு மேல் போனாலே முயல் தவிக்கத் தொடங்கும். ஒளியும் பெட்டிக்கு இரண்டு வாசல் இருக்க வேண்டும், ஒரே வாசல் பெட்டி பொறி மாதிரி. மொட்டை மாடியில் பகல் வெயிலில் வாடிய முயலைச் சாயங்காலம் நாய்முன் கொண்டுவைக்காதீர்கள். தீபாவளி வாரம் இரண்டுக்குமே விடுமுறை.

பெட்டை முயல் சினையாக இருந்தாலோ குட்டி போட்டிருந்தாலோ நாய்க்கு அந்த அறையே கிடையாது. சினைக்காலம் சுமார் 31 நாள். மிரண்ட தாய் குட்டிகளை மிதித்துவிடும், கடித்தும் கொன்றுவிடும்.

முயல் நாயைத் துரத்துகிறது

சிரிப்பு வரும், வீடியோ எடுக்கத் தோன்றும். முன்காலால் குத்துவிட்டு உறுமும் முயல் பெரும்பாலும் கருத்தடை செய்யாத, தன் இடத்தைக் காக்கும் முயல். மூக்கில் கடி வாங்கிய இளம் நாய் முதல் இரண்டு முறை பின்வாங்கும், மூன்றாம் முறை திருப்பிக் கொடுக்கலாம். முயலின் பக்கம் நாய் போகாமல் பொது இடத்தில் மட்டும் சந்திக்க வையுங்கள். கருத்தடை பற்றி, முயல் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் கேளுங்கள்.

மூன்று மாதம் நன்றாக இருந்துவிட்டு திடீரென்று பாய்ந்தது

தேதியைப் பாருங்கள். நாய்க்கு ஆறிலிருந்து பதினான்கு மாதத்துக்குள் வயதென்றால் ஆச்சரியமில்லை, குட்டியில் தூங்கிக்கொண்டிருந்த வேட்டைப் புத்தி அப்போதுதான் முழுதாக விழிக்கிறது. மறுபடி முதல் தூரம், மறுபடி லீஷ். இந்த முறை, முன்பு எடுத்த நாட்களில் பாதியிலேயே பெரும்பாலும் தேறிவிடும்.

வயது காரணம் இல்லையென்றால் நேரத்தைப் பாருங்கள். முயல் அதிகாலையிலும் அந்தியிலும்தான் துள்ளும், இளம் நாயும் அந்தியில்தான் வீட்டைச் சுற்றி வெறிபிடித்ததுபோல் ஓடும். அந்த ஒரு மணி நேரம் இரண்டையும் தனித்தனியே வையுங்கள். புதிதாக இரண்டாவது நாய் வந்திருக்கிறதா? தனியே சாதுவான நாய்கள் ஜோடி சேர்ந்தால் வேட்டைக்கூட்டம். ஒவ்வொன்றாகப் பழக்குங்கள், இரண்டையும் சேர்த்து முயல்முன் விடவே வேண்டாம்.

புழுக்கையைத் தின்கிறது, தீவனத்தை மேய்கிறது

நாய்க்கு இது முறுக்கு மாதிரி. பெரும்பாலும் கெடுதல் இல்லை, ஆனால் முயலுக்கு மருந்து கொடுக்கும் நாட்களில் தடுத்துவிடுங்கள். குச்சித் தீவனத்தைக் கிண்ணத்தில் வைக்காமல் கூண்டுக்குள் தொங்கும் டப்பாவில் போடுங்கள்.

எதிர்த்திசையில் போவதுதான் கவலை. நாயின் நாடாப்புழு முட்டை புல்லோடு முயல் வயிற்றுக்குப் போனால் உள்ளே நீர்க்கட்டியாக வளரும். நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து கொடுங்கள், அது மலம் கழிக்கும் இடத்தில் முயலுக்குப் புல் அறுக்காதீர்கள். உண்ணி மருந்து வாங்கும்போது அட்டையைப் படியுங்கள். நாயின் முதுகில் விடும் சொட்டு மருந்துகள் பலவற்றில் பிப்ரோனில் இருக்கும். முயலுக்கு அது விஷம், நாயை நக்கியோ உரசியோ உள்ளே போனால் வலிப்பு வந்து சாகக்கூடும். வீட்டில் முயல் இருக்கிறது என்று சொல்லி மருத்துவரிடம் வேறு மருந்து எழுதி வாங்குங்கள். நாய்க்கு வாங்கியது மீந்துவிட்டதே என்று முயலின் கழுத்தில் இரண்டு சொட்டு விடுகிற வேலையும் கூடாது.